மூன்றாம் பம்பின் வால்வு

எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவள் பம்ப் அக்காதான். யாராவது புதிதாக வந்து அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி வீடு எங்கே என்று கேட்டால், நாங்களே கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கையை நீட்டுவோம். ஊருக்கு வெளியே உள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் அவளுக்குப் பம்ப் ஆபரேட்டர் வேலை. அவள் கணவர் தெருமுனையில் சலூன் வைத்திருக்கிறார். நான் முடிவெட்டிக்கொள்வது அங்கேதான். அவர் கையில் கத்தரி ஓடுவதைவிட வாய் வேகமாக ஓடும். நான் சொல்லப்போவதில் பாதி அவர் சொன்னது, மீதி அக்காவே சொன்னது. இரண்டும் முட்டிக்கொண்ட இடங்களில் அக்கா பக்கம் சாய்ந்துவிட்டேன்.

முதலில் அவள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், வாய்விட்டுச் சொல்ல வேண்டாத தண்ணீர் எல்லாம் நிலத்தடிக் குழாய்களில் தானாகச் சரிந்து வந்து, நிலையத்தின் ஓரத்தில் இருக்கும் ஆழமான கிணற்றில் விழும். அதை மேலே ஏற்றித் தொட்டிகளுக்கு அனுப்பினால்தான் சுத்திகரிப்பு ஆரம்பமாகும். அதற்காக மூன்று பம்புகள். அக்கா வேலைக்குச் சேர்ந்தபோதே அவை கிழடுகள். மூன்றும் ஏற்றுகிற தண்ணீர் ஒரே பெரிய குழாயில் சேர்ந்து மேலே போகும். ஒரு பம்ப் நிற்கும்போது, மற்ற பம்புகள் ஏற்றிய தண்ணீர் அதன் வழியாகத் திரும்பிக் கிணற்றுக்கே ஓடிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றிலும் ஒரு தட்டுக்கதவு உண்டு. வெளியே போக விடும், உள்ளே வர விடாது. மூன்றாவது பம்பில் மட்டும் அந்தக் கதவு எப்போதோ பிய்ந்துபோய்விட்டது. புதியது கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு கிடைக்கவில்லை என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள்.

அக்காவிடம் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போன ஆபரேட்டர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார்.

"மூணாவதுக்குக் கதவு இல்லம்மா. நீதான் கதவு. பம்பை நிறுத்தின உடனே இந்த வால்வைச் சுத்தி மூடிடணும். மூடலைன்னா ஏத்தின தண்ணி எல்லாம் கிணத்துக்கே வந்துடும்."

நீதான் கதவு என்ற வார்த்தை அக்காவுக்குப் பிடித்துப்போனது. லாரி ஸ்டீயரிங் அளவுக்கு ஒரு இரும்புச் சக்கரம். ஒவ்வொரு ஷிப்டிலும் மூன்றாவது பம்பைக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். ஓட்டும்போது சக்கரத்தைச் சுற்றித் திறப்பாள், நிறுத்தியதும் சுற்றி மூடுவாள். லேசில் சுற்றாது. காலை அகட்டி வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கையில் இறக்க வேண்டும். கடைசியில் 'டக்' என்று ஒரு இடத்தில் முட்டி நிற்கும். அதற்குப் பிறகும் ஒரு இழுப்பு இழுத்து இறுக்கிவிட்டுத்தான் கையை எடுப்பாள். வலது தோள் எப்போதும் வலிக்கும். வீட்டுக்கு வந்தால் சலூன்காரர் தைலம் தடவி நீவிவிடுவார். "ஊரே என்கிட்ட தலையைக் கொடுக்குது, நீ தோளைக் கொடுக்கறே" என்பார்.

மூன்றாவது பம்புக்கு ஒரு பழக்கம் இருந்தது. நிறுத்திய பிறகும் முனகும். வயசாளி உட்காரும்போது விடுகிற பெருமூச்சு மாதிரி ஒரு நீண்ட சத்தம். அக்காவுக்கு அது பழகிவிட்டது. "மூச்சு வாங்குது, வாங்கிட்டுப் போகட்டும்" என்பாள்.

பழைய பம்ப் ஹவுஸைப் புதுப்பிக்கப்போகிறார்கள் என்ற பேச்சு பல வருஷமாக அடிபட்டுக்கொண்டிருந்தது. யாரும் நம்பவில்லை. ஒருநாள் காலையில் ஒரு இளம் பெண் என்ஜினீயர் ஹெல்மெட்டோடு வந்து, சுருட்டி வைத்திருந்த பெரிய வரைபடத்தை அக்காவின் மேஜையில் விரித்தபோதுதான் விஷயம் நிஜம் என்று தெரிந்தது. சாப்பாட்டு டப்பாவை ஒரு மூலைக்கும் தண்ணீர் பாட்டிலை இன்னொரு மூலைக்கும் பாரமாக வைத்தார்கள்.

"பாருங்கக்கா. பழைய மூணு பம்பும் போயிடும். புதுசா நாலு வருது. எல்லாம் தண்ணிக்குள்ளயே முங்கி இருக்கும். இந்த ஹால்ல மோட்டாரே இருக்காது."

அக்கா வரைபடத்தை இந்தப் பக்கமிருந்து பார்த்தாள், அந்தப் பக்கமிருந்து பார்த்தாள். நீலக் கோடுகள், அம்புக்குறிகள், வட்டங்கள். தினமும் எட்டு வைத்து நடக்கிற அறை அதில் எங்கே இருக்கிறது என்றே புலப்படவில்லை.

"இதுல நான் எங்க மேடம் நிக்கணும்?"

"நீங்க நிக்கவே வேண்டாம்க்கா. மேல கன்ட்ரோல் ரூம்ல ஸ்க்ரீன் முன்னாடி உட்காருவீங்க."

"உட்கார்ந்து?"

"பார்ப்பீங்க."

"என்னத்தை?"

என்ஜினீயர் சிரித்தாள். அக்கா நிஜமாகத்தான் கேட்டாள்.

வேலை தொடங்கியது. பம்ப் ஹவுஸை நிறுத்தினால் ஊர்த் தண்ணீர் நிற்காதே. அதனால் கிணற்றுக்கு முன்னாலேயே தண்ணீரை மறித்து, வெளியே வாடகை டீசல் பம்புகளை வைத்து, அந்தப் பெரிய குழாயிலேயே இணைத்து மேலே அனுப்பினார்கள். அதனால் கிணற்றுக்குள் சொட்டுத் தண்ணீர் வர வழியில்லை என்று காண்டிராக்டரின் ஃபோர்மேன் அடித்துச் சொன்னார். பெருத்த உடம்பு, சன்னமான குரல். கிணற்றை இறைத்தார்கள். அடியில் முழங்கால் அளவு கசடு மட்டும் மிச்சம். இத்தனை வருஷமாக அந்தக் கிணற்றைக் கட்டி மேய்த்த அக்கா, அதன் சுவரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். இவ்வளவு பெரிசா என்று நினைத்தாளாம். காலையில் கசடை வார ஆட்களை இறக்கலாம் என்று முடிவு செய்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

காலையில் வந்து பார்த்தால் கிணற்றில் ஆள் முங்குகிற அளவு தண்ணீர்.

"எவன்டா திறந்தது?" என்று ஃபோர்மேன் தன் சன்னமான குரலில் கத்தினார். யாரும் எதையும் திறக்கவில்லை. முன்னால் மறித்த பலகையில் கசிவு இருக்கும் என்று அதைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கினார்கள். இறைத்தார்கள். மறுநாள் மீண்டும் அதே அளவு தண்ணீர். நிலத்தடி ஊற்றாக இருக்குமோ என்று யாரோ கிளப்பிவிட, ஊற்றுத் தண்ணீருக்கு இந்த நாற்றம் எங்கிருந்து வந்தது என்று இன்னொருவர் கேட்டார். வரைபடத்தில் இல்லாத பழைய குழாய் ஏதாவது கிணற்றில் வந்து சேர்கிறதோ என்று என்ஜினீயருக்குச் சந்தேகம். டார்ச் அடித்துச் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். ஓட்டையும் இல்லை, குழாயும் இல்லை. இறைப்பதும் நிரம்புவதுமாகச் சில நாள் போனது. எல்லோருக்கும் மண்டை காய்ந்துவிட்டது.

அப்போதுதான் என்ஜினீயர் அக்காவிடம் கேட்டாள்.

"அக்கா, மூணாவது பம்புக்குக் கதவு இல்லைன்னு சொன்னீங்களே. அதோட வால்வு மூடியிருக்கா?"

"இறுக்கி மூடியிருக்கேன் மேடம்."

"நிச்சயமா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. எழுந்துபோய் எல்லோர் முன்னாலும் சக்கரத்தைத் திறக்கும் பக்கமாகச் சுற்றிவிட்டு, பிறகு மூடும் பக்கமாகச் சுற்றினாள். டக் என்று முட்டியது. ஒரு இழுப்பு இழுத்தாள். நம்பாமல் ஃபோர்மேனும் வந்து அவர் பங்குக்கு இழுத்துப் பார்த்தார். முகம் சிவந்துபோனது, சக்கரம் அசையவில்லை.

"இதுக்கு மேல மூட முடியாது மேடம். இங்க பிரச்சினை இல்ல" என்றார் ஃபோர்மேன்.

அத்தோடு அந்த வால்வை எல்லோரும் மறந்தார்கள். மறுபடியும் மணல் மூட்டை, மறுபடியும் டார்ச்.

கடைசியில் விஷயம் வெளிப்பட்டது யாருடைய சாமர்த்தியத்தாலும் இல்லை. மதியச் சாப்பாட்டு வேளையில் டீசல் ஊற்றுவதற்காக வாடகைப் பம்புகளைச் சிறிது நேரம் நிறுத்தினார்கள். ஃபோர்மேன் கிணற்றின் ஏணியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார், தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்க. திரும்பி வந்து எட்டிப் பார்த்தால் தண்ணீர் கோட்டிலேயே நிற்கிறது. பம்புகளை ஓட்டினார்கள். கோடு முங்க ஆரம்பித்தது. நிறுத்தினார்கள். தண்ணீர் நின்றது.

ஃபோர்மேன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "மேடம், வெளியிலேர்ந்து வரல. நாம ஏத்துறதுதான் திரும்பி வருது."

திரும்பி வர ஒரே வழிதான் உண்டு. வாடகைக் குழாயைப் பெரிய குழாயிலிருந்து பிரித்து நேராகத் தொட்டிக்கு விட்டுவிட்டு, மறுநாள் காலையில் மூன்றாவது பம்பின் வால்வைக் கழற்றி, கிரேனில் தூக்கி, வெளியே சிமெண்ட் தரையில் கிடத்தினார்கள். அக்கா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள்.

வால்வின் உள்ளே கனமான இரும்புத் தகடு ஒன்று உண்டு. சக்கரத்தைச் சுற்றினால் ஒரு தண்டு கீழே இறங்கி அந்தத் தகட்டை இறக்கிக் குழாயை அடைக்கும். அந்தத் தண்டு தகட்டோடு சேரும் இடத்தில் உடைந்திருந்தது. தகடு பாதி வழியில் துருவும் கந்தலுமாக இறுகி நின்றிருந்தது. சுற்றும்போதெல்லாம் தண்டு மட்டும் தனியாக இறங்கி, நின்றுபோன தகட்டின் தலையில் முட்டியிருக்கிறது. அக்கா கேட்டுக்கொண்டிருந்த 'டக்' அதுதான். குழாய் பாதி திறந்தே இருந்திருக்கிறது. நிறுத்திய பம்ப் முனகியதும், திரும்பி வந்த தண்ணீர் அதைப் பின்பக்கமாகச் சுற்றியதால்தான்.

அக்கா அந்த உடைந்த முனையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இது எப்ப மேடம் உடைஞ்சிருக்கும்?"

என்ஜினீயர் உட்கார்ந்து துணியால் துடைத்துப் பார்த்தாள். "தெரியலக்கா."

"சுமாரா?"

"முழுக்கத் துரு பிடிச்சிருக்கு. போன வருஷமும் இருக்கலாம். நீங்க சேர்றதுக்கு முன்னாடியும் இருக்கலாம். இதை வச்சுச் சொல்ல முடியாது."

"ரொம்பப் பழசு மேடம் இது" என்றார் ஃபோர்மேன்.

"நாம ஓட்டுற தண்ணியில ஆறு மாசத்துலயே இரும்பு இப்படி ஆயிடும்" என்றாள் என்ஜினீயர்.

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பாள். யாரும் திட்டவில்லை. ஃபோர்மேன் முதுகைத் தட்டாத குறையாக, "நானே இழுத்துப் பார்த்து மூடியிருக்குன்னு சொன்னேனே, உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார். அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

அன்று மதியம் அடுத்த ஷிப்டுக்கு வந்த ஆபரேட்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு நிலையத்தில் சைலன்சர் என்று பட்டப்பெயர், ஏனென்றால் அவர் வாயை மூடியதே கிடையாது. அன்று அவர் வழக்கத்துக்கு மாறாகக் கொஞ்ச நேரம் பேசாமல் வால்வையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"நான் அந்தச் சக்கரத்தைத் தொட்டே ரொம்ப வருஷமாச்சு. கை வலிக்குதுன்னு விட்டுட்டேன். விட்டும் ஒண்ணும் ஆகல, அப்படியே பழகிருச்சு. நீங்க தினமும் சுத்துறதைப் பார்த்து, சரி, அக்காவுக்கு ஏதோ தெரியும் போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அக்காவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கோபம் வராததுதான் அவளைக் குழப்பியது. வேலையைத் தட்டிக்கழித்தவன் ஷிப்டிலும் அதே தண்ணீர்தான் போனது, உயிரைக் கொடுத்தவள் ஷிப்டிலும் அதே தண்ணீர்தான் போனது. யாரைத் தப்பென்று சொல்வது? டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தாளாம். சலூன்காரர் சொன்னார்.

வீட்டில் அவர் அவளைச் சிரிக்கவைக்க என்னென்னவோ செய்து பார்த்தார்.

"இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியே! நான் கூடத்தான் ஒரு வழுக்கைத் தலைக்காரருக்கு மாசா மாசம் கத்தரி போடறேன். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சத்தம் கேட்டா ஒரு திருப்தி."

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியுதுல்ல? எனக்குத் தெரியலையே."

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"சொல்லியிருப்பேன். மாத்தியிருப்பாங்க. இல்ல, மாத்தாம விட்டிருப்பாங்க. அப்பவாவது சுத்தாம இருந்திருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஏத்தின தண்ணியையே எத்தனை தடவைங்க திரும்பத் திரும்ப ஏத்தியிருப்பேன்? இன்னிக்கு வந்த தண்ணியா, நேத்து ஏத்தின தண்ணியான்னு தெரியாம..." என்றாள்.

"எல்லாத் தண்ணியும் அப்படித்தான். இங்கயிருந்து கடலுக்குப் போய் மேகமாகித் திரும்ப வருது."

"அது வேறங்க."

"என்ன வேற?"

எப்படி வேறு என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவரும் விட்டுவிட்டார். தைலப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் தோளைக் கொடுக்காமல் எழுந்து போய்விட்டாள். அந்த வலிக்கு இனிமேல் என்ன காரணம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சக்கரத்தைச் சுற்றுவது நின்றதும் தோள் சரியாகியிருக்க வேண்டும். நேர்மாறாக ஆனது. வாடகைப் பம்புகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இருந்ததால், அக்கா கைகட்டி உட்கார்ந்திருந்தாள். தோள் இறுகிப்போய்க் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போனது. தலைவாரிக்கொள்ளக்கூட முடியவில்லை. சலூன்காரர்தான் தினமும் வாரிவிட்டார். "வெளியில சொல்லிடாத, லேடீஸுக்கும் ஆரம்பிச்சுட்டேன்னு வரிசை கட்டிடுவாங்க" என்றார். ஆஸ்பத்திரியில் தோள் உறைந்துவிட்டது என்று சொல்லி, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள்.

அந்த அறையில் கயிறு, கப்பி, ரப்பர் பட்டை எல்லாம் தொங்கின. அங்கிருந்த பெண் அக்காவின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் அழைத்துப்போனாள். சுவரில் ஒரு சக்கரம் பொருத்தியிருந்தது. ஓரத்தில் மரக் கைப்பிடி.

"இதைப் பிடிச்சுச் சுத்துங்கம்மா. மெதுவா. வலிக்கற வரைக்கும் போங்க, நிறுத்துங்க, திரும்பச் சுத்துங்க."

அக்கா சக்கரத்தைப் பார்த்தாள். அதன் நடுவைப் பார்த்தாள். பக்கத்தில் போய்ச் சுவரில் காதை வைக்காத குறையாக எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"பின்னாடியா? சுவருதான்."

"எதோடயும் சேர்த்திருக்கா?"

"இல்லம்மா. சும்மா சுத்தறதுக்குத்தான். கைக்குத்தான் பலன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியாது. பிசியோதெரபிப் பெண் பயந்துபோய் நாற்காலியை இழுத்துப்போட்டு, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விஷயத்தை விளக்க அக்காவால் முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சக்கரத்தைச் சுற்றினாள். சொன்ன நாளெல்லாம் போய்ச் சுற்றினாள். கை மெல்ல மேலே ஏற ஆரம்பித்தது.

இதற்கிடையே நிலையத்தில் புது வால்வுகள் லாரியில் வந்து இறங்கின. நீலப் பெயிண்ட் அடித்து, பிளாஸ்டிக் மூடி போட்டு, மரச்சட்டத்தில் நிற்கவைத்திருந்தார்கள். அக்கா ஃபோர்மேனிடம் போனாள்.

"அண்ணே, குழாயில மாட்டறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை சுத்திப் பார்க்கலாமா?"

"எதுக்கும்மா? இதெல்லாம் மோட்டார் வச்சு தானா மூடிக்கும். கரண்ட் போனாத்தான் கையால சுத்தணும்."

"சும்மாதான்."

ஃபோர்மேன் ஒன்றும் கேட்காமல் இரண்டு பக்கத்து மூடியையும் கழற்றிவிட்டார். அந்தப் பக்கத்து வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. அக்கா இடது கையால் சக்கரத்தைச் சுற்றினாள். வெண்ணெய் மாதிரி சுற்றியது. மேலேயிருந்து தகடு பளபளவென்று இறங்கி வெளிச்சத்தை அரை வட்டமாக்கியது, பிறகு கீற்றாக்கியது, பிறகு இல்லாமல் ஆக்கியது. திறந்தாள். மறுபடியும் மூடினாள். மூடிய பிறகு உள்ளே கையை விட்டு விளிம்பைத் தடவிப் பார்த்தாள். தகரம் வெட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நான்கு வால்வையும் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தாள்.

"திருப்தியா?" என்றார் ஃபோர்மேன்.

"மூடுது" என்றாள்.

"மூடும்மா. அதுக்குத்தானே செஞ்சிருக்காங்க."

"அதுவும் அதுக்குத்தான் செஞ்சாங்க" என்றாள் அக்கா.

கன்ட்ரோல் ரூம் தயாரானது. ஏ.சி. போட்ட சின்ன அறை. சுவரில் பெரிய ஸ்க்ரீன், பக்கத்தில் விளக்குகள் பொருத்திய இரும்புப் பேனல். பயிற்சி கொடுக்க வந்த என்ஜினீயர் ஸ்க்ரீனில் இருந்த நான்கு படங்களைக் காட்டினாள்.

"பம்ப் ஓடினா பச்சை. நின்னா சிவப்பு."

அக்கா தலையாட்டினாள். பிறகு பேனலைப் பார்த்தாள். "அதுல?"

"அதுல..." என்ஜினீயர் கொஞ்சம் தயங்கினாள். "அதுல ஓடினா சிவப்பு. நின்னா பச்சை."

"ஏன் மேடம்?"

"பேனல் செய்யறவங்களுக்குச் சிவப்புன்னா கரண்ட் இருக்கு, ஜாக்கிரதைன்னு அர்த்தம். ஸ்க்ரீன் செஞ்சவங்களுக்குப் பச்சைன்னா எல்லாம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம்."

"எது சரி?"

"ரெண்டுமே சரிதான்க்கா. மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன். இப்போதைக்கு இப்படித்தான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சைலன்சர், "ஒரு கண்ணுல அதைப் பாருங்க, இன்னொரு கண்ணுல இதைப் பாருங்க, முடிஞ்சுது" என்றார். அக்கா சிரிக்கவில்லை. நினைவில் நிற்பதற்காக இரண்டையும் பலமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லச் சொல்ல இன்னும் குழம்பியது.

புதுப் பம்புகளை ஓட்டிய முதல் நாள் முற்பகலில் எல்லோரும் வந்து, பார்த்து, போட்டோ எடுத்துக்கொண்டு, கீழே டீ குடிக்கப் போனார்கள். அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் இருந்தது. பழைய ஹாலில் பம்ப் ஓடினால் தரை அதிரும், பல் கூசும், பேசுவது கேட்காது. இங்கே ஒன்றுமில்லை. ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிக் கேட்டாள். கிணற்றுப் பக்கம் ஒரு காக்கா கத்தியது. பேனலைத் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு. நின்றுவிட்டதா? ஸ்க்ரீனைப் பார்த்தாள். பச்சை. பச்சை என்றால் ஓடுகிறதா, நின்றிருக்கிறதா? ஓடினால் ஏன் சத்தமில்லை? ஓடவில்லையென்றால் கிணறு நிரம்பிக்கொண்டிருக்கும். நின்றதை மறுபடி ஓட்டுவதற்கு எதை அழுத்தச் சொன்னார்கள் என்று தேடினாள். கண்ணில் பட்டது பெரிய வட்டமான சிவப்புப் பொத்தான். உள்ளங்கையால் ஓங்கி அழுத்தினாள்.

அது அவசர நிறுத்தப் பொத்தான். அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பம்புகள் எல்லாம் நின்றன. சைரன் ஊளையிட்டது. கீழே டீ கிளாஸோடு நின்றவர்கள் அப்படியே மேலே ஓடி வந்தார்கள். அக்கா இரண்டு கையையும் காற்றில் தூக்கிக்கொண்டு அறை நடுவில் நின்றாள்.

"நின்னுபோச்சுன்னு நினைச்சேன் மேடம். ஓட்டலாம்னு..."

என்ஜினீயர் மூச்சு வாங்கியபடி பொத்தானை விடுவித்து, ஒவ்வொன்றாக ஓட்டினாள். சைரனை நிறுத்தினாள். பிறகு அங்கிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"பரவாயில்லக்கா. அந்தப் பொத்தான் வேலை செய்யுதான்னு இன்னும் பார்க்கல. பார்த்தாச்சு."

"எனக்கு இது வராது மேடம். என்னை வேற எங்கயாவது போட்டுடுங்க. லேப்ல பாட்டில் கழுவறேன்."

"என்னக்கா புரியல? சொல்லுங்க."

அக்கா யோசித்தாள். "ஓடுதுன்னு இது சொல்லுது. ஓடுதான்னு எனக்கு எப்படித் தெரியும்? முன்னாடி சக்கரம் மூடுச்சுன்னு கை சொல்லுச்சு. கையே பொய் சொல்லியிருக்கு. இது வெறும் படம். இதை எப்படி நம்பறது?"

என்ஜினீயர் அவளைப் படியிறங்கி வெளியே கூட்டிக்கொண்டு போனாள். மேட்டுத் தொட்டியின் ஏணியில் ஏற்றி, பெரிய குழாயின் வாயிலிருந்து தண்ணீர் வந்து விழும் இடத்தைக் காட்டினாள். கருப்பும் நுரையுமாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கும் சந்தேகம் வந்தா இங்கதான் வந்து பார்ப்பேன். ஸ்க்ரீன் பொய் சொல்லலாம், விளக்கு பொய் சொல்லலாம். தண்ணி விழுந்தா விழுதுன்னு அர்த்தம்."

"திரும்பிப் போயிடலையே?"

"இங்க வந்து விழுந்தது திரும்பிப் போகாது."

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய நாட்களில் அவள் இங்கே ஏறிவந்ததே இல்லை. கீழே பம்போடு மல்லுக்கட்டவே நேரம் சரியாக இருந்தது. ஏற்றிய தண்ணீர் எங்கே வந்து விழுகிறது என்பதை வேலைக்குச் சேர்ந்து இத்தனை காலத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.

லேபுக்குப் போகவில்லை. கன்ட்ரோல் ரூமிலேயே இருந்துகொண்டாள். பேனலின் ஒவ்வொரு விளக்குக்குக் கீழும் 'ஓடுது', 'நின்னுது' என்று பிளாஸ்டர் ஒட்டி எழுதிவைத்தாள். அது அழகாக இல்லை என்று ஒரு அதிகாரி சொன்னார். என்ஜினீயர் அது காதில் விழாத மாதிரி இருந்துவிட்டாள். பழைய வால்வின் தண்டு எப்போது உடைந்தது என்பதற்கு மட்டும் கடைசிவரை விடை கிடைக்கவில்லை. அக்கா என்னிடமே கேட்டிருக்கிறாள், எனக்கு என்னவோ தெரியும் மாதிரி. "நீ படிச்சவன், துருவைப் பார்த்து வயசு சொல்ல முடியாதா?" முடியாது என்றேன். "ம்" என்றாள். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அந்த வருஷத்தின் முதல் பெருமழை ஒரு பகல் நேரத்தில் பிடித்துக்கொண்டது. மழை வந்தால் பழைய நிலையத்தில் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த மாதிரி ஓட வேண்டியிருக்கும். அன்று அக்காவின் ஷிப்ட். ஸ்க்ரீனில் கிணற்றின் மட்டம் ஏற ஆரம்பித்தது. அக்கா எழுந்து நின்றாள். ஓடிக்கொண்டிருந்த பம்போடு இரண்டாவது தானாக ஓட ஆரம்பித்தது. மட்டம் இன்னும் ஏறியது. மூன்றாவது ஓடியது. அவள் எதையும் தொடவில்லை. தொட வேண்டியதும் எதுவுமில்லை. கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மேட்டுத் தொட்டிக்கு நடந்தாள்.

தண்ணீர் வந்து விழுந்துகொண்டிருந்தது, மழையைவிடச் சத்தமாக. பெருமைப்பட வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தாள். இது தன்னுடைய வேலையா, தன்னை விட்டுப்போன வேலையா என்று பிடிபடவில்லை. குடைக்குள்ளும் சாரல் அடித்தது. பாதி நனைந்தபடி திரும்பி வந்து ஸ்க்ரீனைப் பார்த்தபோது மட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது.

சலூன்காரர் போன் செய்தார். "தெருவெல்லாம் தண்ணி. அங்க எப்படி? ரொம்பக் கஷ்டமா?"

"இல்லீங்க. அதுவா இறங்குது."

"நீ என்ன பண்றே?"

அக்கா நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். "தெரியலங்க" என்றாள். "இனிமேதான் சாப்பிடணும்."